மதிலுக்குள் போன துறவு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு ஒரு பெண் துறவியின் பெயர். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணியம்மாள், பாதியில் நின்றுபோன அந்தக் கோபுரத்தை முடிக்க வீடு வீடாகப் போய்ப் பொருள் திரட்டினார் என்றும், மைசூர் அரண்மனை வரை போய்க் கேட்டு வாங்கிவந்தார் என்றும் ஊர் வழக்கு. கூலிக்குக் காசில்லாத நாளில் அவர் அள்ளிக் கொடுத்த திருநீறே காசானது என்பார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பது தனி விவாதம். கோபுரம் நிற்கிறது, அவர் பெயரில் நிற்கிறது. இந்த நாட்டில் ஒரு பெண் துறவு பூண்டால் ஊர் அவளிடம் எதிர்பார்த்தது என்ன என்பதற்கு அதுவே நல்ல சான்று. அவள் தெருவுக்கு வந்தாள், நடந்தாள், கேட்டாள், கொடுத்தாள்.

தமிழ் இலக்கியத்தின் பெண் துறவிகளும் நடப்பவர்கள்தாம். கவுந்தியடிகள் காவிரிக்கரையிலிருந்து மதுரை வரை நடந்தார். மணிமேகலை கையில் அமுதசுரபியோடு பசித்தவர்களைத் தேடிப் போனாள். காரைக்கால் அம்மையார் கயிலைக்கே தலையால் நடந்து போனதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அண்ணாமலைக்கே திரும்பி வந்தால், கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த மண்டகொளத்தூர் லட்சுமி அம்மாள், எச்சம்மாள் என்று ஊர் அழைத்தவர், விருபாட்ச குகையில் இருந்த ரமணருக்குச் சோறு சுமந்து நாள்தோறும் மலை ஏறினார். 1945இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. குகையும் ஆசிரமமும் ஆண்களின் இடங்கள். பெண்கள் இரவில் அங்கே தங்கக் கூடாது என்பது ரமணாசிரமத்தின் அந்தக் கால விதி. பெண் அடியார்கள் வெளியே வீடு பிடித்துத் தங்கிப் பகலில் வந்து போனார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு துறவு மரபு, இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே, புதுச்சேரியில், 1748இல் வேர் பிடித்தது. அங்கே பெண் உள்ளே போனாள். கதவு மூடியது. பெற்றவர்கள் வந்தாலும் கிராதிக்கு அப்பாலிருந்துதான் பேச முடியும். கார்மேல் கன்னியர் என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் அடைபட்ட மடத்துத் துறவியர் அவர்கள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் நாம் பார்த்துப் பழகிய சிஸ்டர்கள் வேறு, இவர்கள் வேறு. அம்மணியம்மாளின் நாட்டில் இந்த மதில் என்ன பொருள் தந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரை.

கார்மேல் சபையின் தொடக்கம் மதிலோடு அல்ல, மலையோடு. இன்றைய இஸ்ரேலின் ஹைஃபா நகரை ஒட்டிய கார்மேல் மலையில்தான் இறைவாக்கினர் எலியா மன்றாடியபோது வானிலிருந்து நெருப்பு இறங்கியது என்கிறது விவிலியம். நெருப்பே மலையானது என்று நம்பும் ஊர்க்காரருக்கு இந்த மலையைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவைப்படாது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில், சிலுவைப் போர்க் காலத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த சில ஆண்கள் அங்கே குகைகளில் தனித்தனியாகத் தவமிருக்கத் தொடங்கினார்கள். 1206க்கும் 1214க்கும் இடையில் எருசலேமின் இலத்தீன் முதுபெருந்தந்தை ஆல்பர்ட் அவர்களுக்கு ஓர் ஒழுங்கை எழுதிக் கொடுத்தார். மிகச் சிறிய நூல். அவரவர் அறையில் இரவும் பகலும் இறைவார்த்தையைத் தியானித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் நடுநாயகம். அந்தக் குகைவாசிகளில் பெண் இல்லை. பாலஸ்தீனம் சிலுவைப் படைகளின் கையைவிட்டுப் போனபோது துறவிகள் ஐரோப்பாவுக்குப் பெயர்ந்து, நகரத்துப் பிச்சைத் துறவிகள் ஆனார்கள். 1452இல்தான் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் பெண்களைச் சபையில் சேர்க்க முறைப்படி அனுமதி தந்தார்.

மதில் வேறு வழியாக வந்தது. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ், எல்லாச் சபைப் பெண் துறவியரும் மடத்துக்குள்ளேயே அடைபட்டிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆண் துறவிக்கு அப்படி ஒன்று இல்லை. சட்டம் பல ஊர்களில் ஏட்டோடு நின்றது. 1563 டிசம்பரில் திரெந்து பொதுச்சங்கம் அதையே இன்னும் கடுமையாகத் திருப்பிச் சொன்னது. பெண்ணின் கற்புக்குக் காவல் வேண்டும் என்ற அச்சம்தான் இந்தச் சட்டங்களின் அடியில் ஓடுகிறது. இதை மறைத்துப் பேசும் பக்தி நூல்களை நான் நம்புவதில்லை. ஆனால் சட்டம் போட்டவர்களின் நோக்கத்தை மட்டும் வைத்து உள்ளே போன பெண்களின் நோக்கத்தை அளப்பதும் தவறு. அதற்கு அவிலா நகரத் தெரேசாவே சாட்சி.

தெரேசா 1515 மார்ச் 28 அன்று பிறந்தார். அவருடைய தந்தைவழிப் பாட்டனார் தொலேதோவின் யூத வணிகர். கிறித்தவரான பின்னும் யூத நெறியைக் கைவிடவில்லை என்று 1485இல் சமய விசாரணை மன்றம் அவரைத் தண்டித்து ஊர்வலம் நடத்தியது. தூய இரத்தம், பழைய கிறித்தவர், புதிய கிறித்தவர் என்று பிறப்பைக் கிளறிப் பார்த்த அந்த ஸ்பெயின் தமிழ் வாசகருக்கு அந்நியமாகத் தெரியாது. குடும்பம் பட்ட அவமானத்தைத் தெரேசா தம் நூல்களில் எங்கும் சொல்லவில்லை. ஆனால் குலப்பெருமை, மானம், மரியாதை என்ற சொற்கள் வரும்போதெல்லாம் அவர் எழுத்தில் ஓர் எரிச்சல் தெரியும்.

1535இல் அவர் சேர்ந்த அவதார மடத்தில் அடைப்பு இல்லை. கூட்டம்தான் இருந்தது. ஏறக்குறைய 180 பெண்கள். பணக்கார வீட்டுப் பெண்களுக்குத் தனி மாடம், வேலைக்காரி, பெயருக்கு முன்னால் ‘தோன்யா’ என்ற பட்டம். ஏழைப் பெண்களுக்குப் பொதுக்கூடத்தில் படுக்கை. மடத்தில் போதிய சோறு இல்லாததால் துறவியர் ஊர்ப் பெரிய வீடுகளில் போய்த் தங்குவதும் உண்டு. கணவனை இழந்த சீமாட்டி ஒருத்திக்கு ஆறுதலாய் இரு என்று மேலிடம் அனுப்பினால் மறுக்க முடியாது. தெரேசாவே 1562இல் மாதக்கணக்கில் தொலேதோ நகரத்து அரண்மனை ஒன்றில் அப்படி இருக்க நேர்ந்தது. ‘வெளியே போகும் சுதந்திரம்’ அந்த மடத்தில் பணக்காரர்களுக்குப் பணிவிடை செய்யும் கட்டாயமாகவே இருந்தது.

அதே 1562 ஆகஸ்ட் 24 அன்று அவர் அவிலாவில் புனித சூசையப்பர் மடத்தைத் தொடங்கினார். திரெந்து சங்கத்தின் ஆணை வருவதற்கு ஓராண்டுக்கும் மேல் முந்தி, மதிலை அவரே கேட்டு வாங்கினார். உள்ளே பதின்மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்தார். பின்னர் அது இருபத்தொன்றானது. பட்டங்கள் போயின. எல்லோரும் சகோதரிகள். பெருக்குவதற்கு முறை வைத்தபோது முதல் பெயர் தலைவியுடையது. தலைவியை மடத்தாரே இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுப்பார்கள். ஆயுள்பதவி கிடையாது. இன்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். நிலமோ வட்டியோ வேண்டாம், கைவேலையும் வரும் தருமமும் போதும் என்றதால், இத்தனை பெண்களுக்கு யார் சோறு போடுவது என்று நகர மன்றம் வழக்கே போட்டது. சபையின் பழைய பிரிவிலிருந்து வேறுபடுத்த இவர்களைக் காலணி துறந்தவர்கள் என்பார்கள். உண்மையில் கயிற்றால் பின்னிய செருப்பு போட்டிருந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அடைப்பை விரும்பிக் கேட்ட அந்தப் பெண், 1567 முதல் பதினைந்து ஆண்டுகள் கோவேறு கழுதை வண்டிகளில் ஸ்பெயின் முழுக்க அலைந்தார். மொத்தம் பதினேழு மடங்கள். ஆற்று வெள்ளம், சத்திரத்து மூட்டைப்பூச்சி, நிலத்தரகர், காய்ச்சல் எல்லாவற்றையும் நகைச்சுவையோடு எழுதி வைத்திருக்கிறார். அடங்காமல் ஊர் சுற்றும் பெண்பிள்ளை என்று திருத்தந்தையின் தூதர் ஃபெலிபே சேகா அவரைத் திட்டினார். 1582 அக்டோபர் 4 இரவு அவர் இறந்தார். நாட்காட்டித் திருத்தத்தால் மறுநாள் அக்டோபர் 15. அம்மணியம்மாளோடு உட்கார்ந்து பேச வைத்தால் கட்டட வேலை, கடன், கொத்தனார் கூலி பற்றி இருவருக்கும் நிறையப் பேச இருந்திருக்கும்.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகிறது? விடியுமுன் மணி அடிக்கும். திருப்புகழ்மாலையை நாளுக்கு ஏழு வேளையாகப் பிரித்துச் செபிக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் வாய்ச்சொல் இல்லாத மனச்செபம். அதற்கு நடுவில் திருப்பலி, சமையல், தோட்டம், தையல். பல மடங்களின் வருமானம் பங்குக் கோயில்களுக்கான நற்கருணை அப்பம் சுடுவதிலிருந்தும், பூசை உடுப்புகள் தைப்பதிலிருந்தும், மெழுகுவர்த்தி வார்ப்பதிலிருந்தும் வருகிறது. ஞாயிறன்று நாவில் வாங்கும் அந்த வெள்ளை அப்பம் எங்கே சுடப்படுகிறது என்று கேட்டுப் பார்க்கும் கத்தோலிக்கர் குறைவு. சாப்பாட்டின்போது பேச்சில்லை. ஒருவர் வாசிப்பார், மற்றவர் கேட்பார்கள். உடல் நலமில்லாதவர் தவிர யாருக்கும் இறைச்சி கிடையாது. செப்டம்பர் 14 திருச்சிலுவை விழாவிலிருந்து பாஸ்கா வரை நோன்பு. மதியமும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் கூடி உட்கார்ந்து பேசிச் சிரிக்க நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது சலுகையல்ல, விதி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்தி தெரேசாவுக்குப் பிடிக்காது.

கடைக்குப் போவது, தபால் வாங்குவது, வந்தவரிடம் பேசுவது போன்ற வேலைகளுக்கு அடைப்பு விதிக்கு உட்படாத சகோதரிகள் ஓரிருவர் இருப்பார்கள். பழைய மடங்களில் பொருள்கள் சுவரில் பொருத்திய சுழலும் மரப்பெட்டி வழியாக உள்ளே போகும். கொடுப்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. தவிட்டு நிற உடை, தோளில் உத்தரியம், பெருநாட்களில் வெள்ளைப் போர்வை, வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குக் கறுப்பு முக்காடு. உத்தரிய மாதா திருநாளை ஜூலை 16 அன்று கொண்டாடும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கழுத்தில் போடும் அந்தச் சின்னத் துணித்துண்டு தெரியும். அது இந்த மடத்து உடையின் சுருக்கம் என்பது பலருக்குத் தெரியாது.

இனி புதுச்சேரி. 1748இல் அங்கே கார்மேல் எழுந்த சூழலைப் புரிந்துகொள்ள நான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1744 செப்டம்பரில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், இயேசு சபையினர் தமிழகத்தில் அனுமதித்து வந்த சாதி, சடங்கு வழக்கங்களுக்கு எதிரான ஆணையை வெளியிட்டார். மறு ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் அவர்களுடைய சம்பா கோயிலில் ஒரு கலகம். கோயிலுக்குள் பறையர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நிகழ்ச்சியைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவரே மனம் நொந்து பதிகிறார். ஒரு பக்கம் துறவியின் காவியை மதித்து உடுத்த நோபிலியின் வழிவந்தவர்கள் இயேசு சபையினர். மறு பக்கம் அடுத்த வீட்டு ஈசுவரன் கோயில் இடிபட வேண்டும் என்று பல ஆண்டுகள் நெருக்கியவர்களும் அவர்களே. அவர்களுடைய ஆதரவில்தான் நாட்டுப் பெண்களுக்கான இந்த மடம் உருவானது.

பூப்படைவதற்குள் மணம் முடிக்கும் சமூகம் அது. மணமாகாத பெண் வீட்டுக்கு இழுக்கு. கன்னியாகவே இருக்க விரும்பிய கிறித்தவப் பெண் எங்கே போவாள்? அம்மணியம்மாள்போல் தெருவில் இறங்கத் துணிச்சலும் ஊரின் நம்பிக்கையும் வேண்டும். மதில் சூழ்ந்த மடம் குடும்பத்துக்கு ஏற்புடைய விடையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. இறைச்சி விலக்கு, நோன்பு, தனிமை, அந்நிய ஆண் முகம் பாராமை இவையெல்லாம் உயர்சாதித் தமிழ்க் குடும்பத்தின் கௌரவக் கணக்கோடு எளிதில் ஒத்துப்போகக் கூடியவை. பட்டமும் குலமும் வாசலோடு நிற்கட்டும் என்று தெரேசா எழுப்பிய மதில், இங்கே குலத்தைக் காக்கும் மதிலாகவும் பயன்பட வழி இருந்தது. கோயிலுக்குள் இடிந்த சுவரை நினைத்துக்கொண்டே இந்தச் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1773இல் இயேசு சபையையே திருத்தந்தை கலைத்தார். பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையார் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். ஆள்பவர் மாறினாலும் மடம் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டைக் கடந்தும் நாட்டுப் பெண்களைக் கொண்ட கார்மேலாகவே அது இருந்தது.

ஐரோப்பாவிலிருந்து நேரடியாகக் கார்மேல் கன்னியர் வந்து இந்தியாவில் மடம் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பின்னர், 1870இல், மங்களூரில். பிரான்சின் போ நகரிலிருந்து, பிரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்த ஆகஸ்டு மாதத்தில் புறப்பட்டார்கள். செங்கடல் வெக்கையிலும் வழி நோயிலும் மூன்று பேர் மங்களூரைக் காணாமலே இறந்தார்கள். தப்பி வந்தவர்களில் ஒருவர் கலிலேயாவின் இபில்லின் கிராமத்து அரபுப் பெண், எழுதப் படிக்கத் தெரியாத மரியம் பவார்தி. 1871 நவம்பர் 21 அன்று மங்களூரில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அவருடைய காட்சிகளையும் பரவசங்களையும் மேலிடம் ஐயுற்றது. மறு ஆண்டே திருப்பி அனுப்பியது. பின்பு பெத்லகேமில் மடம் கட்ட உழைத்து, 1878இல் வேலையாட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும்போது விழுந்து, அந்தக் காயத்தில் 32 வயதில் இறந்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஐயுற்றவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

தமிழ்நாட்டில் அடைப்பு பரவவில்லை. பரவியது பள்ளிக்கூடம். 1844இல் ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய மன்றம் பெண்கல்வியை முன்வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று மரியாளின் மாசற்ற இருதய சபை அங்கே தொடங்கியது. படிப்பதும் பாடுவதும் தேவதாசிகளின் தொழில் என்று நினைத்த ஊரில், நாட்டுக் கன்னியரே பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்தத் திருப்பத்தை ஒரே வாழ்க்கையில் பார்க்க எலேன் தெ ஷப்போத்தேன் கதை போதும். பிரான்சின் நாந்த் நகரப் பிரபு வீட்டுப் பெண். 1860இல் அடைபட்ட கிளாரா சபையில் சேர்ந்து, உடல் நலம் கெட்டு வெளியேறினார். பின்பு தியானத்தை மையமாகக் கொண்ட மரிய பரிகார சபையில் சேர்ந்தார். 1865இல் அந்தச் சபை அவரை மதுரை மறைபரப்புத் தளத்துக்கு அனுப்பியது. சில ஆண்டுகளிலேயே தலைமைப் பொறுப்பு. உள் பூசல் முற்றி 1876இல் இருபது சகோதரிகள் பிரிந்தார்கள். ஊட்டியில் ஒதுங்கிய அவர்களுக்கு 1877 ஜனவரி 6 அன்று ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபை தொடங்க அனுமதி கொடுத்தார். எஃப்.எம்.எம். என்று நாம் அறிந்த உலகளாவிய பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபை அப்படித் தமிழ் மண்ணில் பிறந்தது. அடைப்பில் தொடங்கிய பெண் ஆஸ்பத்திரிகளில் முடித்தார். ஆனால் நற்கருணை முன் நெடுநேரம் மண்டியிடும் வழக்கத்தை அவர் சபை விடவில்லை.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சேத்துப்பட்டில் தாராஸ் சாமியார் என்ற பிரெஞ்சுக் குரு கஞ்சியும் ஞானஸ்நானமும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே இன்று நிற்கும் லூர்து மாதா கோயில் அவர் பணியின் விளைச்சல். வட ஆர்க்காட்டுக் கிறித்தவம் பெரும்பாலும் அந்தப் பசியிலிருந்தும், பசித்த சாதிகளிடமிருந்தும் வளர்ந்தது. 1952இல் உருவான வேலூர் மறைமாவட்டத்துக்கு, திருவண்ணாமலையும் அதில் அடக்கம், அநாதைப் பிள்ளைகளைத் தூக்கும் கைகள்தான் முதலில் தேவைப்பட்டன. மதிலுக்குள் செபிப்பதை இப்படிப்பட்ட பஞ்ச காலத்தில் ஆடம்பரம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது.

யாழ்ப்பாணம் வேறு வழியில் போனது. 1928இல் தோலகட்டியில், தாமஸ் அடிகள் என்ற தமிழ்க் குரு செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். தியான வாழ்வுக்கென்றே ஆசிய மண்ணில் ஒரு தமிழர் உருவாக்கிய சபை அது. முதலில் ஆண்கள், பின்னர் பெண்கள். கடும் நோன்பு, மௌனம், தோட்ட வேலை. அவர்கள் விற்ற பழரசம் குடாநாடு முழுதும் பேர்பெற்றது. ஐரோப்பாவிலிருந்து விதி இறக்குமதி செய்யாமலே இந்த வாழ்வு தமிழில் நடக்கும் என்பதற்கு அது சான்று.

அண்ணாமலைக்கும் அடைபட்ட மடத்துக்கும் நேரடிப் பாலம் போட்டவர் ஓர் ஆண். பிரெஞ்சு பெனடிக்டின் துறவி ஆன்ரி லெ சோ. 1948இல் இந்தியா வந்தார். மறு ஆண்டு தொடக்கத்தில் மோன்ஷானேன் என்ற பிரெஞ்சுக் குருவோடு ரமணரைப் பார்த்தார். 1950இல் இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் நிறுவினார்கள். அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்ட லெ சோ, 1952 முதல் சில ஆண்டுகள் திரும்பத் திரும்ப அருணாசல மலைக் குகைகளுக்கு வந்து மௌனமாக இருந்தார். அங்கே அவருக்கு நேர்ந்ததை அவர் கடைசி வரை எழுதித் தீர்க்கவில்லை. அவருடைய தங்கை மரி தெரேஸ் பிரான்சின் கெர்கோனானில் அடைபட்ட பெனடிக்டின் மடத்துத் துறவி. குகைவாசியும் மடவாசியும் கடிதங்களால் பேசிக்கொண்டார்கள். அத்வைதத்துக்கும் கிறித்துவுக்கும் நடுவே அவர் பட்ட தவிப்பைப் பிரான்சில் பகிர்ந்துகொள்ளக் கிடைத்தவர்களில் பலர் மதிலுக்குள் இருந்த பெண்களே. லிசியே நகர்க் கார்மேலிலிருந்து 1965இல் இந்தியாவுக்கு வந்து, கார்மேலில் இருந்து, பின் அதையும் விட்டுக் கங்கைக்கரையில் தனித் துறவியான தெரேஸ் அவர்களில் ஒருவர். அவர் எழுபதுகளில் இமய அடிவாரத்தில் காணாமற்போனார். தமிழ்ப் பெண் துறவியர் மரபுப்படி பார்த்தால் அவரும் நடந்து போனவர்தான்.

ரமணரிடமும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. காவ்யகண்ட கணபதி முனிவரின் ரமண கீதையில் ஓர் இயல் முழுதும் பெண்ணின் துறவு பற்றியது. கேட்டவர் முனிவரின் மனைவி விசாலாட்சி. ஆண்டு 1917. இல்லற வாழ்வில் தடையுற்ற பெண்கள் துறவு கொள்ளச் சாத்திரத்தில் விலக்கு உண்டா என்று கேட்டார். விலக்கு இல்லை என்பதும், முத்தி பெற்ற பெண்ணின் உடலை ஆணின் உடலைப் போலவே எரிக்காமல் அடக்க வேண்டும் என்பதும் ரமணர் விடை. ஐந்தாண்டு கழித்துத் தாய் அழகம்மாள் இறந்தபோது அதன்படியே செய்தார். மாத்ருபூதேசுவரர் சந்நிதி அந்தச் சமாதியின் மேல்தான் இருக்கிறது. உரிமை சொல்லில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த உரிமையைக் கொண்டு வாழ விரும்பிய பெண் இரவில் எங்கே படுப்பாள், யார் சோறு போடுவார், வயதானால் யார் பார்ப்பார் என்பதற்கு இந்த ஊரில் ஏற்பாடு இல்லை. கார்மேல் தந்தது அந்த ஏற்பாட்டை. தனி அறை, கூட்டுச் சமையல், வாக்குரிமை, நோயில் படுத்தால் பக்கத்தில் ஒருத்தி, செத்தால் மதிலுக்குள்ளேயே கல்லறை. விலையாக வெளியுலகத்தைக் கேட்டது. என்னைக் கேட்டால், இந்த மதிலைச் சிறை என்றோ கோட்டை என்றோ சொல்லுமுன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாங்களே தேர்ந்தெடுத்த பெண்ணிடம் சாவி இருந்த மடங்கள் உண்டு. ஆயரிடமும் ஆன்ம குருவிடமும் சிக்கிக்கொண்ட மடங்களும் உண்டு. தெரேசாவுக்கே பாதி ஆயுள் இந்தச் சண்டையில் போனது.

குறைகள் உள்ளேயும் இருந்தன. பெண் சீதனம் கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பியக் கார்மேலில் நெடுங்கால வழக்கம். இலத்தீனில் செபம் பாடும் கன்னியருக்குக் கறுப்பு முக்காடு. சமையலும் துவைப்பும் செய்யும் எளிய வீட்டுச் சகோதரிகளுக்கு வெள்ளை முக்காடு, வாக்குரிமை கிடையாது. மரியம் இந்த இரண்டாம் வகுப்பில்தான் இருந்தார். தெரேசா துரத்தியடித்த வகுப்பு வேற்றுமை பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்தான் முற்றாக ஒழிந்தது. இளம் வயதில் சேர்ப்பதும் அப்படி. லிசியேயின் சிறுமலர் தெரேசா 1888இல் பதினைந்து வயதில் நுழைந்தார், 24 வயதில் காசநோயில் இறந்தார். குளிர்ந்த அறையும் குறைந்த உணவும் அதில் பங்கு வகித்திருக்காது என்று சொல்ல முடியாது. மதிலைத் தாண்டாத அவரையே 1927இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகத் திருச்சபை அறிவித்தது.

இப்போதைய விதிகள் நிதானமானவை. 2018இல் வத்திக்கான் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஒரு பெண் உள்ளே நுழைவதிலிருந்து நித்திய வார்த்தைப்பாடு வரை குறைந்தது ஒன்பது ஆண்டுகள் ஆக வேண்டும். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஐந்து பேராகக் குறைந்த மடம் தன் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கிறது. அதற்கு இரண்டாண்டு முன் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆவணம், மூடவிருக்கும் மடங்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக மட்டும் வேறு நாடுகளிலிருந்து பெண்களைச் சேர்ப்பதை அறவே தவிர்க்கச் சொல்கிறது. ஆளில்லாத ஐரோப்பிய மடங்களுக்கு நம் பெண்கள் போவதைப் பெருமையாகப் பேசும் பங்குகள் இந்த வரியைப் படிக்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் கிழட்டு மடத்துக்குச் சமையற்காரியாகவும் தாதியாகவும் போவது அழைத்தல் ஆகாது.

ஒரு வேண்டுகோள். கார்மேல் மடங்களில் ஒரு சகோதரி இறந்தால் அவருடைய வாழ்க்கையை எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்பும் பழக்கம் உண்டு. சிறுமலர் தெரேசாவின் தன்வரலாறு 1898இல் அப்படித்தான் முதலில் அச்சாகி வெளிவந்தது. தமிழ்ப் பெண்கள் கூடி வாழ்ந்து, தேர்தல் நடத்தி, கணக்கு எழுதி, இறந்தவர்களை நினைவுகூர்ந்த நிறுவனங்களில் புதுச்சேரிக் கார்மேல் மிகப் பழமையானவற்றில் ஒன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் கண்ணாடியாகப் படிக்கிறோம். அது துபாஷியின் கண், ஆணின் கண். பெண் வரலாறு எழுதும் தமிழ் ஆய்வாளர்கள் மடத்து வாசலில் போய் மரியாதையாகக் கேட்க வேண்டும்: சேர்க்கைப் பதிவேடுகளும் இறந்தோர் நினைவுக் குறிப்புகளும் எதுவரை இருக்கின்றன, பார்க்கலாமா, படியெடுக்கலாமா என்று. யார் வந்தார்கள், எந்த ஊர், எந்தச் சாதி, என்ன வயது, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கேதான் விடை தேட வேண்டும்.